கோபால்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன எழுதுவது?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் நானும் என் கொழுந்தனாரும் பார்ட்னர்ஷிப்பில் லித்தியம் பேட்டரி பேக் அசெம்பிள் செய்யும் யூனிட் நடத்துகிறோம். 22 பேர் வேலை செய்கிறார்கள். சென்னையில் இருந்து ஜெர்மனிக்கு இ-பைக் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம்தான் எங்கள் பெரிய பார்ட்டி. போன வாரம் அவர்கள் 38 பக்கத்தில் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்கள். பேட்டரியில் இருக்கும் கோபால்ட், நிக்கல், லித்தியம், கிராஃபைட் எந்த நாட்டில், எந்தச் சுரங்கத்தில் எடுக்கப்பட்டது என்று கேட்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி: எங்கள் சப்ளை செயினில் எந்தக் கட்டத்திலும் குழந்தைத் தொழிலாளர் இல்லை, தவறினால் வாடிக்கையாளருக்கு வரும் எல்லா நஷ்டத்துக்கும் நாங்களே பொறுப்பு என்று. நாங்கள் செல் வாங்குவது டெல்லி வியாபாரி ஒருவரிடம். அவரைக் கேட்டால், "எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், நீங்களும் போடுங்கள்" என்கிறார். கொழுந்தனாரும் அதையே சொல்கிறார். பதில் அனுப்ப 15 நாள் கெடு. போடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆற்காடு.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மீதிப் பக்கங்களை நிரப்பலாம், நிரப்பவும் வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் இந்தக் கேள்வித்தாள் எங்கிருந்து கிளம்பி வந்தது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பேட்டரிகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2023/1542 என்பது அதன் எண். அதில் ஒரு பகுதி, நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அதே நான்கு மூலப்பொருள்களைப் பற்றியது: கோபால்ட், இயற்கைக் கிராஃபைட், லித்தியம், நிக்கல். இவை தோண்டப்படும் இடத்திலிருந்து பேட்டரியாகும் வரை மனிதருக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன தீங்கு நேரக்கூடும் என்று நிறுவனம் தேடிப் பார்க்க வேண்டும். தெரியவந்த தீங்கைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், அதை வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும், அறிக்கையாகப் பொதுவில் வெளியிட வேண்டும். தொழிலில் டியூ டிலிஜென்ஸ் என்கிறார்களே, அது இதுதான். 2025 ஆகஸ்டில் அமலாக வேண்டியது, 2027 ஆகஸ்ட் 18-க்குத் தள்ளிப்போயிருக்கிறது.

இந்தக் கடமை யார் தலையில் இருக்கிறது? ஐரோப்பியச் சந்தைக்கு அந்தப் பேட்டரியைக் கொண்டுவந்து முதலில் விற்பவர் தலையில். அதுவும் ஆண்டு விற்றுமுதல் 4 கோடி யூரோவுக்கு மேல் இருந்தால்தான். நம் பணத்தில் சுமார் 400 கோடி ரூபாய். அந்த வரம்பை 15 கோடி யூரோவாக உயர்த்தும் யோசனையையும் ஐரோப்பிய ஆணையம் 2025-இல் முன்வைத்தது. ஆக, ராணிப்பேட்டையில் 22 பேரை வைத்துத் தொழில் செய்யும் உங்கள் மீது இந்தச் சட்டம் நேரடியாக எந்தக் கடமையையும் சுமத்தவில்லை. ஜெர்மனியில் இருப்பவருக்குத் தகவல் தேவை. அவர் சென்னையைக் கேட்கிறார், சென்னை உங்களைக் கேட்கிறது. அதுவரை நியாயம்தான். ஆனால் வழியில் எங்கேயோ தகவல் கேட்பதோடு நிற்காமல் முழுப் பொறுப்பையும் உங்கள் பக்கம் தள்ளிவிடும் ஒரு பத்தி சேர்ந்துவிட்டது. அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஜெர்மனியிலேயே சப்ளை செயின் பற்றித் தனிச் சட்டம் ஒன்று 2023 முதல் இருக்கிறது. அதைக் கண்காணிக்கும் பாஃபா என்ற அரசு அலுவலகம், பெரிய நிறுவனங்கள் தங்கள் கடமையைச் சின்ன சப்ளையர்கள் மீது அப்படியே தூக்கி வைக்கக் கூடாது என்று எழுத்திலேயே விளக்கம் கொடுத்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் இதைத் தாராளமாகச் சுட்டிக்காட்டலாம். சென்னையில் இருப்பவருக்குத் தெரியாவிட்டாலும் ஜெர்மனியில் இருப்பவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

கையெழுத்து வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் அனுப்பிய வாசகம் இன்டெம்னிட்டி வகை, அதாவது இன்னொருவருக்கு வரும் நஷ்டத்தை ஈடுகட்டுவதாகக் கொடுக்கும் வாக்கு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 124-ஆவது பிரிவில் வருவது. அதற்கு உச்சவரம்பு எதுவும் எழுதப்படவில்லை. பார்ட்னர்ஷிப்பில் தொழில் செய்கிறவர்களுக்கு அந்தப் பொறுப்பு யூனிட்டோடு நிற்காது, வீடு, நிலம், நகை வரை வரும். பார்த்தே இராத ஒரு சுரங்கத்துக்கு உங்கள் குடும்பம் ஜாமீன் போட வேண்டாம். "எல்லோரும் போடுகிறார்கள்" என்கிறார் டெல்லி வியாபாரி. போடுகிறார்கள்தான். ஆனால் இனிமேல் அந்தத் தாள் ஃபைலில் தூங்கப் போவதில்லை. 2027 பிப்ரவரி 18 முதல் இ-பைக் பேட்டரிகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வருகிறது. பேட்டரி மேல் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், மூலப்பொருளைப் பொறுப்போடு வாங்கினார்களா என்ற விவரமும் தெரிய வேண்டும். கடமைப்பட்ட நிறுவனம் தன் ஆவணங்களைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். நாளைக்கு யாராவது கொக்கி போட்டு இழுத்தால் வருவது உங்கள் கையெழுத்து.

கேள்விகளே அநியாயம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டு, அந்தத் தோலில் செய்த ஷூ ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அங்கே வாங்கியவர் யாரும் வாணியம்பாடிக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்ததில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வாங்கிய பிறகுதான், கெடுத்தவரே செலவு ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது. தூரத்தில் இருந்து வாங்குகிறவர் கேள்வி கேட்காவிட்டால் உற்பத்தி நடக்கும் ஊரில் என்ன ஆகும் என்பது நமக்குப் புத்தகம் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை.

இப்போது அந்த இடத்தில் காங்கோவின் சுரங்க நகரமான கொல்வேசி இருக்கிறது. உலகில் தோண்டியெடுக்கும் கோபால்ட்டில் 70 சதவீதத்துக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் இருந்து வருகிறது. பெரும் பகுதி இயந்திரச் சுரங்கம்தான். ஆனால் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு கையால் தோண்டிப் பிழைக்கும் குடும்பங்களும் அங்கே ஏராளம். அந்தக் குழிகளைச் சுற்றிக் குழந்தைகள் தாதுவைப் பொறுக்கிக் கழுவிச் சுமந்ததை ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு 2016-இல் ஆவணப்படுத்தியது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் லித்தியத்துக்காக உப்புநீரை இறைத்து வெயிலில் காய வைக்கிறார்கள். அங்குள்ள பூர்வகுடிகள் எங்கள் தண்ணீர் என்ன ஆகிறது என்று கேட்கிறார்கள். இந்தோனேசியாவில் நிக்கலுக்காகக் காடு போகிறது. உங்கள் பேக்கில் இருக்கும் ஒரு செல்லுக்கும் இவற்றில் எதற்காவது தொடர்பு இருக்கலாம். அதனால் பதில் தேடுவது வீண் வேலை இல்லை.

சரி, தேடுவது எப்படி?

செல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே 3.2 வோல்ட் என்று போட்டிருந்தால் அது எல்.எஃப்.பி, அதாவது இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை. அதன் கேத்தோடில், அதாவது பாசிட்டிவ் முனைப் பொருளில், கோபால்ட்டும் கிடையாது, நிக்கலும் கிடையாது. உங்கள் 38 பக்கத்தில் பாதிக்கு "பொருந்தாது" என்று எழுதி, செல்லின் டேட்டா ஷீட்டை இணைத்துவிடலாம். 3.6 அல்லது 3.7 என்று இருந்தால் பெரும்பாலும் என்.எம்.சி வகை, நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூன்றும் இருக்கும். கிராஃபைட்டில் இன்னொரு விஷயம்: சட்டம் கேட்பது மண்ணில் இருந்து எடுத்த இயற்கைக் கிராஃபைட்டைப் பற்றி மட்டும். பெட்ரோலியம் கோக்கில் இருந்து செய்யும் செயற்கைக் கிராஃபைட் அதில் சேராது. செல்லில் எது இருக்கிறது என்று டேட்டா ஷீட்டில் அநேகமாக இருக்காது, கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

எந்தக் கம்பெனி என்று வியாபாரி ஒருவேளை சொல்ல மறுக்கலாம். சொல்லாவிட்டாலும் உங்களிடமே ஏற்கெனவே இருக்கலாம். லித்தியம் செல்லை விமானத்திலோ கப்பலிலோ ஏற்ற யு.என். 38.3 என்ற ஐ.நா. பாதுகாப்புச் சோதனை கட்டாயம். அதன் டெஸ்ட் சம்மரி என்ற தாளில் செல் உற்பத்தியாளரின் பெயரும் தொடர்பு விவரமும் இருந்தாக வேண்டும். சரக்கோடு வந்த கவரைத் தேடுங்கள், இல்லையென்றால் வியாபாரியிடம் அந்த ஒரு தாளைக் கேளுங்கள். அதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. செல் மீது பி.ஐ.எஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண், ஆர் என்ற எழுத்தில் தொடங்குவது, அச்சிட்டிருந்தால் இன்னும் சுலபம். பி.ஐ.எஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். இந்த இரண்டுமே இல்லாத செல்லாக இருந்தால், கோபால்ட்டை விட்டுவிட்டு அந்தச் செல்லை வாங்கலாமா என்பதையே முதலில் யோசியுங்கள்.

கம்பெனி பெயர் தெரிந்த பிறகு அவர்களிடம் "எந்தச் சுரங்கம்?" என்று கேட்டுப் பயனில்லை. கொல்வேசியில் பல குழிகளின் தாது டிப்போவிலேயே கலந்துவிடுகிறது. அங்கே பாதி பதப்படுத்தி ஹைட்ராக்சைடாகச் சீனாவுக்குப் போகிறது. அங்கே சுத்திகரிப்பு ஆலையில் இன்னொரு முறை கலக்கிறது. அதற்குப் பிறகு கேத்தோடுப் பொடி, அதற்குப் பிறகு செல். எத்தனையோ சுரங்கங்கள் ஒரு பக்கம், எத்தனையோ செல் கம்பெனிகள் இன்னொரு பக்கம். நடுவில் சுத்திகரிப்பு ஆலைகள் ஒப்பீட்டில் கொஞ்சம்தான். எனவே கேட்க வேண்டிய கேள்வி: "உங்கள் கோபால்ட் எந்தெந்தச் சுத்திகரிப்பு ஆலைகளில் இருந்து வருகிறது?" இதற்கென்று ரெஸ்பான்சிபிள் மினரல்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு இ.எம்.ஆர்.டி என்ற எக்செல் படிவத்தை வைத்திருக்கிறது. இலவசம். பெயர் பெற்ற செல் கம்பெனிகள் அதை நிரப்பித் தயாராகவே வைத்திருக்கும். அது கிடைத்தால், அதில் உள்ள ஆலைகள் தணிக்கைக்கு உட்பட்டவையா என்று அதே அமைப்பின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வியாபாரிக்கு ஒரு பயம் இருக்கும். நீங்கள் நேரடியாகக் கம்பெனியிடம் போய்விடுவீர்கள் என்று. இரண்டு வருடத்துக்கு நேரடியாக வாங்க மாட்டோம் என்று ஒரு கடிதம் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், படிவத்தை உங்களிடம் காட்டாமல் ஜெர்மனி வாடிக்கையாளருக்கே நேராக அனுப்பட்டும். உங்கள் ஃபைலில் அனுப்பிய மின்னஞ்சலின் நகல் மட்டும் இருந்தால் போதும்.

செல்லுக்கு வெளியே இருக்கும் இரண்டு பொருள்களை உங்களைப் போன்ற யூனிட்டுகள் மறந்துவிடுகின்றன. ஒன்று நிக்கல் பட்டை. ஸ்பாட் வெல்டிங் செய்யும் அந்தப் பட்டையை வாங்குவது நீங்கள், செல் கம்பெனி இல்லை. எனவே எல்.எஃப்.பி செல் என்றாலும் நிக்கல் பகுதியை முழுக்க அடித்துவிடாமல், பட்டையை யாரிடம் வாங்குகிறீர்கள், ஒரு பேக்குக்கு எத்தனை கிராம் என்று எழுதுங்கள். சந்தையில் சுத்த நிக்கல் என்று விற்பதில் நிறைய இரும்புப் பட்டை மேல் நிக்கல் முலாம் பூசியது என்பது உங்களுக்கும் தெரியும். உலோகத்தில் என்ன இருக்கிறது என்று உற்பத்தியாளர் தரும் மில் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள், தரத்துக்கும் நல்லது.

இன்னொன்று, செல்களுக்கு நடுவே தீ பரவாமல் வைக்கும் மைக்கா ஷீட். ஐரோப்பியச் சட்டத்தின் நான்கில் மைக்கா இல்லை. ஆனாலும் நான் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். ஜார்க்கண்ட், பீகார் காடுகளில் கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சுற்றி மைக்காத் துண்டுகளைப் பொறுக்கும் வேலையில் குழந்தைகள் ஈடுபடுத்தப்படுவது பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகிறது. கொல்வேசி வரை உங்கள் குரல் போகாது. இது நம் நாட்டுக்குள் இருக்கிறது. ஷீட் செய்பவரை நீங்கள் ஃபோனில் கூப்பிட்டுப் பேச முடியும். யாரிடம் துண்டு மைக்கா வாங்குகிறீர்கள், அந்த வியாபாரி யாரிடம் வாங்குகிறார் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். கேள்வித்தாளில் கேட்காவிட்டாலும் செய்யுங்கள்.

இப்போது எழுத்து வேலை. நிரப்பத் தெரியாத இடங்களில் ஊகித்து எழுதாதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். "இந்தத் தேதியில் இவரிடம் எழுத்து மூலம் கேட்டோம், இதுவரை பதில் வரவில்லை, மறுபடி இந்தத் தேதியில் கேட்போம்" என்று எழுதி மின்னஞ்சல் நகலை இணையுங்கள். பலரும் இதை அவமானமாக நினைக்கிறார்கள். ஐரோப்பியச் சட்டம் அடிப்படையாக வைத்திருக்கும், ஓ.இ.சி.டி என்ற பல நாடுகளின் பொருளாதார அமைப்பு தந்த வழிகாட்டுதலைப் படித்தால் தெரியும்: எல்லாம் சுத்தம் என்ற உத்தரவாதத்தை அது எதிர்பார்ப்பதில்லை. தேடினாயா, ஆபத்தைக் கண்டாயா, கண்டதும் என்ன செய்தாய், அடுத்த வருடம் முன்னேறியதா என்றுதான் கேட்கிறது. பிரச்சினை இருக்கும் இடத்தை விட்டு ஓடுவதைக்கூட, மிகக் கடுமையான மீறல்களைத் தவிர, அது கடைசி வழியாகவே வைக்கிறது. எல்லோரும் காங்கோவை ஒதுக்கிவிட்டால் கையால் தோண்டும் குடும்பத்தின் அடுப்பு அணையும், குழந்தை பள்ளிக்கூடம் போய்விடாது. விடாமல் கேட்டுக்கொண்டே வாங்கினால்தான் அங்கே நிலைமை மாறும்.

கடைசிப் பக்கத்துக்குப் பதிலாக இப்படி எழுதிக் கொடுங்கள்: "எங்கள் சொந்த யூனிட்டில் குழந்தைத் தொழிலாளரோ கட்டாய உழைப்போ இல்லை என்று உறுதி அளிக்கிறோம். எங்களுக்கு முந்தைய கட்டங்களைப் பொறுத்தவரை, இணைப்பில் உள்ளபடி விசாரித்தோம். விசாரித்தவரை தெரியவந்த தகவல் இது. புதிதாக ஏதேனும் தெரியவந்தால் 30 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிப்போம். எங்கள் பொறுப்பு, வேண்டுமென்றே தவறான தகவல் தந்தால் மட்டும், அதுவும் சம்பந்தப்பட்ட ஆர்டரின் மதிப்பு வரை." இதை ஆங்கிலத்தில் எழுதும்போது வேலூரில் ஒப்பந்த வேலை பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பெரிய செலவு ஆகாது.

முதல் வாக்கியத்தில் உறுதி கொடுக்கும் அளவுக்கு உங்கள் வீடு சுத்தமாக இருக்கிறதா என்பதையும் இன்றைக்கே பாருங்கள். 22 பேருக்கும் வயதுச் சான்று இருக்கிறதா? கான்ட்ராக்டர் அனுப்பும் ஹெல்பர் பையன்களுக்கும் இருக்கிறதா? 14 வயதுக்கு உட்பட்டவரை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, 18 வரை அபாயகரமான வேலைக்குக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். இ.எஸ்.ஐ, பி.எஃப். ரசீதுகள், ஒதுக்கிய செல்களைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்த ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேருங்கள். பேட்டரிக் கழிவுக்கு 2022-இல் இருந்து நம்மிடமும் தனி விதி இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குச் செல் போகக் கூடாது.

இந்த வேலைக்கு ஆள் இல்லையே என்று நினைப்பீர்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல், ஷூ கம்பெனிகளில் கம்ப்ளையன்ஸ், அதாவது சட்டத்துக்கும் வாங்குபவர் விதிகளுக்கும் இணங்கும் வேலை, பார்த்தவர்களைத் தேடுங்கள். 1990-ஐ ஒட்டி ஜெர்மனி பி.சி.பி. என்ற பூஞ்சை மருந்தைத் தடை செய்ததும், பிறகு சில அசோ சாயங்களைத் தடுத்ததும் இந்தத் தொழிலைப் பிடித்து உலுக்கின. அப்போதிருந்து சோதனைச் சான்று, ஆடிட், பச்சைத் தோல் எந்த ஊரில் இருந்து வந்தது என்ற கணக்கு என்று ஐரோப்பாவுக்குப் பதில் சொல்லியே பழகியவர்கள் அவர்கள். ஓய்வு பெற்ற ஒருவர் வாரம் ஒரு நாள் வந்து போனாலே உங்கள் யூனிட்டுக்குப் போதும். அந்தச் செலவைப் பேக் விலையில் தனி வரியாகக் காட்டிச் சென்னையிடம் கேளுங்கள். தகவல் அவர்களுக்குத் தேவை, அதற்கு ஆகும் செலவில் பங்கு கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கொழுந்தனாரிடம் நீங்கள் பேச வேண்டிய விஷயம் ஆர்டர். கையெழுத்து இல்லாவிட்டால் ஆர்டர் போய்விடுமோ என்பதுதான் அவர் கவலை. போகக்கூடும், மறைக்க விரும்பவில்லை. ஆனால் செல் பெயர், யு.என். தாள், சுத்திகரிப்பு ஆலைப் பட்டியல், நிக்கல், மைக்கா கணக்கு, கேட்டதற்கான ஆதாரம் எல்லாம் சேர்த்து ஒரு ஃபைல் கொடுக்கும் சின்ன யூனிட் இந்தப் பக்கத்தில் அதிகம் இல்லை. ஜெர்மனி வாடிக்கையாளருக்கு உங்கள் கையெழுத்தைவிட அந்த ஃபைல்தான் பயன்படும், ஏனென்றால் அவர் அறிக்கையைச் சரிபார்க்க வருகிறவர் ஆதாரம் கேட்பார்.

கெடுவில் மிச்சம் இருக்கும் நாளில் செல் கம்பெனியின் பதில் வந்து சேராது. நாளைக் காலையிலேயே சென்னைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: உங்கள் யூனிட் பற்றிய விவரங்கள் கெடுவுக்குள் வரும், செல் பற்றியவைக்கு ஆறு வாரம் வேண்டும், கடைசிப் பக்கத்துக்கு மாற்று வாசகம் இத்துடன் இணைப்பு என்று. ஜெர்மனியில் இந்த வேலையைப் பார்க்கும் ஆளின் மின்னஞ்சல் முகவரியையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.